'தி சர்ச்சர்ஸ்' (1956): திரையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஃபோர்டு இயக்கி, ஜான் வெய்ன் நடித்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாக எழுந்து போகிறார்கள். இவ்வளவு அழகான படமா என்று வியப்பவர்கள் ஒரு பக்கம். இவ்வளவு இனவெறி பிடித்த படத்தையா இத்தனை நாள் கொண்டாடினீர்கள் என்று கோபப்படுபவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வெளிப்படும். படம் பார்க்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1868, டெக்சாஸ். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையில் இருந்த ஈத்தன் எட்வர்ட்ஸ், போர் முடிந்து மூன்று வருடம் கழித்துச் சகோதரன் வீட்டுக்கு வருகிறான். வந்த சில நாட்களிலேயே கமான்ச்சி என்ற பூர்வகுடி இனத்தவர் அந்த வீட்டைத் தாக்குகிறார்கள். சகோதரனும் அவன் மனைவி மார்த்தாவும் மகனும் கொல்லப்படுகிறார்கள். இரண்டு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மூத்தவள் லூசி வழியிலேயே கொல்லப்பட, சின்னவள் டெபியைத் தேடி ஈத்தனும் அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த மார்ட்டின் பாலியும் பல வருடம் அலைகிறார்கள்.

தேடலின் நடுவில்தான் கதை திரும்புகிறது. டெபி வளர்ந்து கமான்ச்சித் தலைவன் ஸ்காரின் மனைவிகளில் ஒருத்தியாகிவிட்டாள் என்று தெரிந்ததும், ஈத்தன் அவளை மீட்க அல்ல, கொல்லத்தான் போகிறான் என்பது வெளியே வருகிறது. ஆணவக் கொலைக்குக் கிளம்புகிறவன் எப்படி யோசிப்பானோ அப்படியே யோசிக்கிறான்: வேற்றினத்தானோடு வாழ்ந்தவள் உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போவது மேல்.

ஈத்தன் இனவெறியன் என்பது படத்துக்குத் தெரியுமா, இல்லை நாம் இன்று அப்படிப் பார்க்கிறோமா?

நன்றாகவே தெரியும். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வருகிறது. புதைக்கப்பட்ட ஒரு கமான்ச்சியின் பிணத்தைத் தேடல் குழு கண்டெடுக்கிறது. ஈத்தன் துப்பாக்கியை எடுத்துப் பிணத்தின் இரண்டு கண்களிலும் சுடுகிறான். கண் இல்லாதவன் ஆவி உலகத்துக்குள் நுழைய முடியாது, காற்றில் அலைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது கமான்ச்சி நம்பிக்கை என்று அவனே விளக்குகிறான். செத்தவனுக்கும் நிம்மதி கிடைக்கக் கூடாது என்கிற அளவு வெறுப்பு அது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்களுடைய மொழி, வழக்கம், நம்பிக்கை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அறியாமையால் வந்த வெறுப்பு இல்லை, நெருங்கிப் பார்த்த பிறகும் இருக்கிற வெறுப்பு.

பிறகு, எருமைக் கூட்டத்தைப் பார்த்ததும் வெறி பிடித்தவன் போலச் சுட்டுத் தள்ளுகிறான். இந்தக் குளிர்காலத்தில் இவையாவது கமான்ச்சிகளின் வயிற்றுக்குப் போகாது என்கிறான். மார்ட்டின் அதிர்ந்துபோய்த் தடுக்கப் பார்க்கிறான். கேமராவும் நம்மை மார்ட்டின் பக்கத்தில்தான் நிறுத்துகிறது. கடைசியில் செத்துக் கிடக்கும் ஸ்காரின் தலைத்தோலை ஈத்தன் உரிக்கிறான். வெஸ்டர்ன் படங்களில் 'காட்டுமிராண்டிகள்' மட்டுமே செய்வதாகக் காட்டப்பட்ட காரியத்தை ஜான் வெய்ன் செய்கிறார். 1956-இல் இதைப் படமெடுத்தவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் இங்கேதான் என் சண்டையும் தொடங்குகிறது. வெள்ளைக்காரனின் வெறுப்பை உள்ளே போய்ப் பார்க்கிற இந்தப் படம், வெறுக்கப்படுகிறவர்களை உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றித்தான் வரும்.

மற்ற வெள்ளையர்கள் நல்லவர்கள்தானே? பிரச்சினை ஈத்தன் ஒருவனிடம்தானே?

அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் லாரி பேசும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். லாரி, மார்ட்டினைக் காதலிக்கும் பக்கத்துப் பண்ணைப் பெண். சிரித்த முகம், துடுக்கான பேச்சு, பார்ப்பவர்களுக்குப் பிடித்த பாத்திரம். மணக்கோலத்தில் வெள்ளைக் கவுனோடு நின்றுகொண்டு அவள் சொல்கிறாள்: டெபியை இனி மீட்டு என்ன ஆகப்போகிறது, ஈத்தன் அவள் தலையில் குண்டைப் பாய்ச்சுவான், அவள் அம்மா மார்த்தா இருந்திருந்தாலும் அதையேதான் விரும்பியிருப்பாள்.

எனக்கு இந்தப் படத்திலேயே மிகவும் பயங்கரமான இடம் இதுதான். ஈத்தன் வெளியாள், போரில் தோற்றவன், வீடு வாசல் இல்லாதவன். அவனை 'ஒரு கிறுக்கன்' என்று தள்ளிவைத்துவிடலாம். லாரியை எப்படித் தள்ளிவைப்பது? அந்தச் சமூகத்தின் நாளைய இல்லத்தரசி அவள்தான். ஃபோர்டு அந்த வசனத்தை வில்லனிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஸ்கார் வேடத்தில் நடித்தவர் உண்மையில் கமான்ச்சியா?

இல்லை. ஹென்றி பிராண்டன், 1912-இல் பெர்லினில் பிறந்த ஜெர்மன். கண்கள் நீலம், திரையில் அப்பட்டமாகத் தெரியும். 1940-இல் வெளிவந்த ஒரு தொடர்படத்தில் ஃபூ மான்சூ என்கிற சீன வில்லனாகவும் இவரே நடித்திருக்கிறார். ஹாலிவுட் கணக்கில் 'வெள்ளையர் அல்லாத வில்லன்' என்பது ஒரே வேலை. முகப்பூச்சை மாற்றினால் போதும்.

இது அந்தக் காலத்தின் பொது வழக்கம். 1950-இல் வந்த 'புரோக்கன் ஏரோ', அப்பாச்சிகளை மதிப்போடு காட்டியதற்காகப் பாராட்டப்பட்ட படம். அதில்கூடத் தலைவர் கொச்சீஸாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த யூதரான ஜெஃப் சாண்ட்லர். ஆஸ்கார் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. அதே படத்தில் ஜெரோனிமோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் உண்மையான பூர்வகுடி, மொஹாக் இனத்தவர். அவருக்குக் கிடைத்தது சிறு வேடம்.

பிராண்டன் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1961-இல் ஃபோர்டு எடுத்த 'டூ ரோட் டுகெதர்' படத்தில், வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்த கமான்ச்சித் தலைவர் குவானா பார்க்கராகவும் அவரையே நடிக்க வைத்தார்கள்.

ஸ்கார் வெறும் வில்லன்தானா?

முழுக்க அப்படி இல்லை. ஈத்தனும் ஸ்காரும் முதல்முறை எதிரெதிரே நிற்கும்போது, ஒருவர் மொழியை மற்றவர் நன்றாகப் பேசுவதைச் சுட்டிக்காட்டி இருவரும் குத்தலாகப் பேசிக்கொள்வார்கள். தன் இரண்டு மகன்களை வெள்ளையர்கள் கொன்றார்கள், அதற்குப் பழியாகத்தான் இத்தனை தலைத்தோல்கள் என்று ஸ்கார் சொல்கிறான். ஈத்தனின் கதையும் அதேதான். அவன் அம்மாவைக் கமான்ச்சிகள் கொன்றதாக ஒரு கல்லறைக் கல் சொல்கிறது. சிறுமி டெபி தாக்குதலின்போது ஒளிந்துகொள்வது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான்.

ஆக இருவரும் ஒரே அச்சு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்காரின் மகன்கள் சாவது ஒரு வாக்கியம். ஈத்தனின் குடும்பம் சாவது படத்தின் முதல் பாகம் முழுக்க. மார்த்தா ஈத்தனின் மேல்கோட்டைத் தடவிப் பார்க்கும் காட்சி ஒன்று போதும், இருவருக்கும் இடையே சொல்லப்படாத காதல், அந்தக் குடும்பத்தின் ரகசியம், முழுக்க நமக்குப் புரிந்துவிடுகிறது. ஸ்காரின் கூடாரத்துக்குள் அப்படி ஒரு கணம்கூட நமக்குக் கிடைப்பதில்லை. அவன் சாவும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் படத்தில் உண்மையான பூர்வகுடிகளே இல்லையா?

நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கமான்ச்சிகள் அல்ல, நவஹோக்கள். டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

படம் எடுக்கப்பட்டது யூட்டா-அரிசோனா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் பள்ளத்தாக்கில். செம்மண் தரையில் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் அந்தப் பாறைகள் டெக்சாஸில் கிடையாது. உண்மையான கமான்ச்சி நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் மூடிய சமவெளி. பள்ளத்தாக்கு இருப்பது நவஹோ நாட்டின் நிலத்தில்; அதனால் அங்கே வாழும் நவஹோக்களையே கமான்ச்சிகளாகக் குதிரையேற்றிவிட்டார்கள். பேசுவதும் நவஹோ மொழிதான். நவஹோ, அத்தபாஸ்கன் குடும்பத்து மொழி. கமான்ச்சி, ஷொஷோனிக்கு நெருக்கமான வேறொரு குடும்பத்து மொழி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இரண்டாம் உலகப் போரில் நவஹோ இளைஞர்கள் தங்கள் மொழியைக் கொண்டே அமெரிக்க மரைன் படைக்குச் சங்கேதச் செய்தி அனுப்பினார்கள். கமான்ச்சி இளைஞர்களும் 1944-இல் நார்மண்டிக் கரையில் தங்கள் மொழியில் அதே வேலையைச் செய்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் கழித்துத்தான் இந்தப் படப்பிடிப்பு நடந்தது. இரண்டும் வேறு வேறு மொழிகள் என்பது ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. ஸ்டூடியோவுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். படத்தின் கதை தொடங்குவது 1868-இல். 1864-இல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களைத் தங்கள் மண்ணிலிருந்து விரட்டி, நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ வரை நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்தது. வழியிலும் முகாமிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்கள் வீடு திரும்ப அனுமதித்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1868 ஜூன் 1. அதாவது, அந்த ஆண்டு அந்த நிலத்தில் நடந்த உண்மையான 'வீடு திரும்புதல்' நவஹோக்களுடையது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே நிலத்தில் குதிரை ஏறி, வேறொரு இனமாக நடித்து, கேமரா முன்னால் சுடுபட்டு விழுந்துகொண்டிருந்தார்கள்.

நவஹோக்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்?

ஒரே பதில் கிடையாது. 1930-களில் மண் அரிப்பைக் காரணம் காட்டி அரசாங்கம் நவஹோக்களின் ஆடுகளை லட்சக்கணக்கில் குறைத்தது. ஆடுதான் அவர்களின் சொத்து. அந்த வறுமை நேரத்தில், 1939-இல் வெளியான 'ஸ்டேஜ்கோச்' முதல் ஃபோர்டு படப்பிடிப்புகள் வந்தது கையில் காசு வந்த காலம். அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த ஹாரி கூல்டிங், நிலத்தின் புகைப்படங்களோடு ஹாலிவுட்டுக்கே போய் ஃபோர்டைப் பிடித்தார் என்பது பிரபலமான கதை. நவஹோக்கள் ஃபோர்டுக்கு 'நத்தானி நேஸ்', அதாவது நெட்டைத் தலைவர் என்று பெயரும் வைத்தார்கள்.

வேலை கொடுத்தவர்மேல் பிரியம் இருந்ததும் உண்மை, கொடுக்கப்பட்ட வேலை செத்து விழுவது மட்டுமே என்பதும் உண்மை. 1958-இல் நவஹோ நாடே அந்தப் பள்ளத்தாக்கைத் தன் பூங்காவாக அறிவித்தது. இன்று அங்கே போனால் 'ஜான் ஃபோர்டு முனை' என்றே ஒரு இடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நவஹோ வியாபாரிகள் நகை விற்கிறார்கள்.

லுக் என்கிற பூர்வகுடிப் பெண் வரும் காட்சிகளுக்குச் சிரிக்க வேண்டுமா?

சிரிக்க வைக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். அதுதான் பிரச்சினை. மார்ட்டின் கம்பளி வாங்குவதாக நினைத்துப் பண்டமாற்று செய்ய, கம்பளிக்குப் பதில் ஒரு மனைவி கிடைத்துவிடுகிறாள். பருத்த உடல், பேசாத முகம், பின்னாலேயே வருகிறாள். ராத்திரி பக்கத்தில் வந்து படுத்ததும் மார்ட்டின் அவளை உதைத்துச் சரிவில் உருட்டிவிடுகிறான். ஈத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்தப் பாத்திரத்தில் நடித்த பியூலா ஆர்ச்சுலெட்டாவின் நடிப்பை அந்த உருளல் விழுங்கிவிடுகிறது.

அப்புறம் படம் தன் முகத்தையே மாற்றிக்கொள்கிறது. ஸ்காரின் பெயரைக் கேட்டதும் லுக் பயந்து ஓடிப்போகிறாள். போகிற வழியில் கற்களை அம்புபோல அடுக்கி ஏதோ அடையாளம் விட்டுச் செல்கிறாள். பின்னால் பனிக்காலத்தில், குதிரைப்படை எரித்துப் போட்ட ஒரு கிராமத்தில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். இவளை ஏன் கொன்றார்கள், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவளாயிற்றே என்று மார்ட்டின் கேட்கிறான். பதில் சொல்ல யாரும் இல்லை. தொடர்ந்து பூர்வகுடிப் பெண்களையும் குழந்தைகளையும் சிப்பாய்கள் ஓட்டிப் போகிறார்கள். பின்னணியில் துள்ளலான 'கேரியோவன்' மெட்டு. அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் ஏழாம் குதிரைப்படையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் மெட்டு அது. 1868 நவம்பர் 27 அன்று கஸ்டர் வாஷிட்டா ஆற்றங்கரையில் செயென் என்ற பூர்வகுடி இனத்தின் கிராமத்தைத் தாக்கிய வரலாறு தெரிந்தவர்கள் அந்தக் காட்சியை வேறெப்படியும் பார்க்க முடியாது.

சிரித்தவர்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளவே ஃபோர்டு இப்படி அமைத்தார் என்று சில விமர்சகர்கள் வாதிடுவார்கள். எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை. அடிவாங்கும்போது நகைச்சுவைப் பொருள், செத்த பிறகு பரிதாபப் பொருள். நடுவில் அவள் என்ன நினைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கதை நமக்கு வருவதே, மார்ட்டின் லாரிக்கு எழுதிய கடிதத்தை லாரி உரக்கப் படிப்பதன் வழியாகத்தான்.

மார்ட்டின் கலப்பினத்தவன் என்பது கதைக்கு எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். 1954-இல் ஆலன் லே மே எழுதிய மூல நாவலில் மார்ட்டின் முழு வெள்ளையன். திரைக்கதை எழுதிய ஃபிராங்க் நியூஜென்ட்டும் ஃபோர்டும்தான் அவனுக்கு எட்டில் ஒரு பங்கு செரோக்கி பூர்வகுடி ரத்தத்தைக் கொடுத்தார்கள். முதல் சாப்பாட்டு மேசையிலேயே ஈத்தன் அவனைக் குத்திக்காட்டுகிறான். குழந்தையாகக் கிடந்தவனைக் காப்பாற்றித் தூக்கி வந்ததும் இதே ஈத்தன்தான்.

டெபியின் உயிருக்கு ஈத்தனின் துப்பாக்கி குறிபார்க்கும்போது குறுக்கே வந்து நிற்பவன் மார்ட்டின். ரத்த உறவே இல்லாதவன், ரத்தத்தைக் காரணம் காட்டிக் கொல்ல வருபவனைத் தடுக்கிறான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே திரைக்கதை நாவலைத் தாண்டி நிற்கிறது என்பேன். வேடத்தில் நடித்த ஜெஃப்ரி ஹண்டர் வெள்ளையர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

டெபி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறாள்?

கதையே அவளைத் தேடித்தான், ஆனால் அவளுக்கு வசனம் கொஞ்சம். வளர்ந்த டெபியாக நடாலி வுட், சிறுமியாக அவருடைய நிஜத் தங்கை லானா வுட். ஒரு காட்சியில், இவர்கள்தான் என் மக்கள், நீங்கள் போய்விடுங்கள் என்று மார்ட்டினிடம் சொல்கிறாள். கடைசியில் மார்ட்டின் கூடாரத்துக்குள் வந்ததும் சட்டென்று சேர்ந்து வரத் தயாராகிவிடுகிறாள். நடுவில் என்ன மாறியது என்று படம் சொல்வதில்லை.

வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் சிந்தியா ஆன் பார்க்கரின் வாழ்க்கையும் ஒன்று. 1836-இல் டெக்சாஸின் பார்க்கர் கோட்டையில் நடந்த தாக்குதலில் கடத்தப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ ஒன்பது வயது. அவருடைய தந்தையின் சகோதரர் ஜேம்ஸ் பார்க்கர் வருடக்கணக்கில் தேடி அலைந்தார். சிந்தியா ஆன் கமான்ச்சியாகவே வளர்ந்து, பீட்டா நொகோனா என்ற தலைவரை மணந்து, மூன்று பிள்ளைகள் பெற்றார். 1860-இல் டெக்சாஸ் ரேஞ்சர்கள் பீஸ் ஆற்றங்கரையில் தாக்கி அவரை 'மீட்டார்கள்'. அவர் திரும்பத் திரும்பத் தப்பித்துக் கமான்ச்சிகளிடம் போகப் பார்த்தார். கூட வந்த சின்ன மகள் இறந்துபோனாள். மகன்களை மறுபடி பார்க்காமலே 1870 வாக்கில் அவரும் இறந்தார். மேலே சொன்ன குவானா பார்க்கர் அவருடைய மூத்த மகன்.

மீட்பே ஒரு இரண்டாம் கடத்தலாக ஆன இந்தக் கதையை 1956-இல் ஹாலிவுட் தொட்டிருக்காது. படத்தில் ராணுவக் கோட்டையில் மீட்கப்பட்ட வெள்ளைப் பெண்கள் சிலரைக் காட்டுகிறார்கள். எல்லோரும் சித்தம் கலங்கியவர்கள். இவர்கள் இனி வெள்ளையர்கள் இல்லை என்று ஈத்தன் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கும் பார்வை சினிமா வரலாற்றில் பிரபலம். அந்தப் பார்வையைத்தான் கேமரா நெருங்கிப் போகிறது, அந்தப் பெண்களை அல்ல.

கறுப்பர்கள் ஒருவர்கூட இல்லையே? அந்தக் கால டெக்சாஸில் இல்லையா?

இருந்தார்கள், ஏராளமாக. கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். டெக்சாஸில் அடிமை முறை முடிந்து மூன்றே வருடம் ஆன காலம் இது. ஈத்தன் எந்தப் படையில் இருந்தான், எதற்காக என்று யோசித்தால் கறுப்பர்கள் இல்லாத அந்தத் திரை இன்னும் விசித்திரமாகத் தெரியும்.

இதில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரு பெயர் உண்டு: பிரிட் ஜான்சன். வடக்கு டெக்சாஸின் கறுப்பர். 1864 அக்டோபரில் எல்ம் கிரீக் பகுதியில் கமான்ச்சிகளும் கையோவாக்களும் தாக்கியபோது அவருடைய மகன் ஒருவன் கொல்லப்பட்டான். மனைவியும் மற்றப் பிள்ளைகளும் கடத்தப்பட்டார்கள். அவர் துப்பாக்கியோடு பழிவாங்கப் போகவில்லை. பூர்வகுடிகளின் இடத்துக்கே போய்ப் பேரம் பேசியதாகச் சொல்கிறார்கள். 1865-இல் குடும்பம் திரும்பக் கிடைத்தது. பிறகு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவரை, 1871 ஜனவரியில் வழியில் கையோவாக்கள் கொன்றார்கள். கூட இருந்த இரண்டு கறுப்பு வண்டிக்காரர்களும் இறந்தார்கள்.

லே மேயின் நாவலுக்குத் தூண்டுதலானவர்களில் இவரும் ஒருவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சரி, யோசித்துப் பாருங்கள். தேடிப் போன நிஜ மனிதர்களில் ஒருவர் கறுப்பர், மனைவி மக்களை உயிரோடு கூட்டிவரத் தேடியவர். திரையில் வந்து சேர்ந்தவன் அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் வீரன், கொல்வதற்காகத் தேடுகிறவன். பிரதிநிதித்துவம் என்று நாம் பேசும்போது, யாரை மோசமாகக் காட்டினார்கள் என்பதோடு நின்றுவிடுகிறோம். கதை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மெக்சிகோக்காரர்கள்?

ஒரே ஒரு குறிப்பிடத்தக்க பாத்திரம்: ஸ்காரிடம் கூட்டிப் போகும் எமிலியோ ஃபிகேரோவா. நடித்தவர் மௌனப்பட நாயகன் அந்தோனியோ மொரேனோ, ஸ்பெயினின் மாட்ரிடில் பிறந்தவர். கயிறு வீசிக் கன்று பிடிப்பது முதல் கௌபாய் தொழிலின் பெரும்பகுதி மெக்சிகோவின் வக்கேரோக்கள் என்ற மாட்டுக்காரர்களிடம் கற்றது என்பதற்குப் படத்தில் ஒரு தடயமும் இல்லை.

அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?

அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளந்து பார்ப்போமே. 1954 மே மாதம் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படப்பிடிப்பு 1955 கோடையில் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவன், ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்ற புகாரின் பேரில் கொல்லப்பட்டான். டிசம்பரில் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பர்களின் மான்ட்காமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 'நம் பெண்', 'அவர்கள் கை பட்டது', 'கொல்' என்கிற ஈத்தனின் தர்க்கம் அன்றைய செய்தித்தாளிலேயே இருந்தது. கமான்ச்சி வேடத்தில் படம் பேசுவது கறுப்பு-வெள்ளைப் பிரச்சினையைத்தான் என்று பல விமர்சகர்கள் படிக்கிறார்கள். நானும் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் படித்தால் பூர்வகுடிகள் இன்னொரு தடவை காணாமல் போகிறார்கள்; அவர்கள் வேறு யாருக்கோ உருவகம் ஆகிவிடுகிறார்கள்.

அவர்களுக்கென்று சொந்தப் பிரச்சினை அப்போது இல்லாமலும் இல்லை. 1953-இல் அமெரிக்க காங்கிரஸ், பூர்வகுடி இனங்களுக்கான தனி அங்கீகாரத்தையே முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. படம் வெளியான 1956-இலேயே அவர்களை நகரங்களுக்கு நகர்த்தும் சட்டமும் வந்தது.

ஜான் வெய்ன் நிஜ வாழ்க்கையிலும் ஈத்தன் போலத்தானா?

1971-இல் 'பிளேபாய்' இதழுக்கு அவர் கொடுத்த பேட்டி இருக்கிறது. கறுப்பர்கள் பொறுப்பேற்கும் அளவு கல்வி பெறும்வரை வெள்ளையர் மேலாதிக்கத்தை நம்புவதாகவும், பூர்வகுடிகளிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டதில் தவறில்லை என்றும் அதில் சொன்னார். 1962-இல் பிறந்த தன் மகனுக்கு ஈத்தன் என்றே பெயர் வைத்தார். அந்தப் பாத்திரத்தை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று நாம் குழம்ப இது போதும். நடிப்பு என்னவோ அவருடைய வாழ்நாளிலேயே ஆகச் சிறந்தது.

ஈத்தன் கடைசியில் டெபியை ஏன் கொல்லவில்லை?

துரத்திப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, பிறகு கையில் ஏந்தி, வீட்டுக்குப் போகலாம் என்கிறான். முதல் காட்சிகளில் சிறுமி டெபியை அவன் இதேபோலத் தூக்குவான். தூக்கியதும் அந்த ஞாபகம் வந்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். நாவலில் ஈத்தனின் பாத்திரம் இறந்தேபோகிறது. படம் அவனை உயிரோடு விட்டு, வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது. டெபி உள்ளே போகிறாள். அவளை உள்ளே வரவேற்கும் வீடு லாரியின் வீடு என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஃபோர்டு பிறகு மாறினாரா?

முயன்றார். 1960-இல் 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' படத்தில் கறுப்புக் குதிரைப்படை வீரராக வூடி ஸ்ட்ரோடை மையத்தில் நிறுத்தினார். செய்யாத பாலியல் குற்றத்துக்கும் கொலைக்கும் விசாரிக்கப்படும் அந்த வேடத்தில் ஸ்ட்ரோட் மலைபோல நிற்கிறார். ஆனால் பெயர்ப்பட்டியலில் முதலிடம் ஜெஃப்ரி ஹண்டருக்கு. 1964-இல் 'செயென் ஆட்டம்'. இதுவரை நான் கொன்ற பூர்வகுடிகளின் எண்ணிக்கை கஸ்டரையும் மிஞ்சும், இப்போது அவர்கள் பக்கத்தைச் சொல்கிறேன் என்கிற பொருளில் அதைப் பற்றிப் பேசினார். நல்ல எண்ணம்தான். செயென்களாக நடித்தவர்கள் ரிக்கார்டோ மோன்டல்பான், கில்பர்ட் ரோலண்ட், டொலோரெஸ் டெல் ரியோ, சால் மினியோ. முதல் மூவர் மெக்சிகோவில் பிறந்தவர்கள், நான்காமவர் இத்தாலிய வம்சாவளி. பின்னால் நின்ற கூட்டம் வழக்கம்போல நவஹோக்கள், பேசியதும் நவஹோ.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் தலைசிறந்த படங்களின் பட்டியலில் இருக்கிறது?

வெளியான ஆண்டில் ஒரு ஆஸ்கார் பரிந்துரைகூட இல்லை. 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் 2012-இல் 7-ஆம் இடம், 2022-இல் 15-ஆம் இடம். இறங்கியதற்கு வாக்காளர் கூட்டம் மாறியதும் காரணம். என் கணக்கில், வெறுப்பு ஒரு மனிதனுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய அமெரிக்கப் படம் அதற்கு முன் இல்லை. அதனால் பட்டியலில் இருக்கட்டும்.

இதோடு சேர்த்து வேறு என்ன பார்க்கலாம்?

'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' கட்டாயம். அடுத்து, கிரீ இனத்தைச் சேர்ந்த நீல் டயமண்ட் 2009-இல் எடுத்த 'ரீல் இன்ஜன்' ஆவணப்படம். ஹாலிவுட் பூர்வகுடிகளை எப்படிக் காட்டியது என்பதை அவர்களே சொல்கிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள். பிறகு 2022-இல் வந்த 'பிரே'. வேற்றுக்கிரக வேட்டையன் வரும் அதிரடிப் படம்தான், ஆனால் கதை 1719-இல் கமான்ச்சிகளிடையே நடக்கிறது. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேன் மையர்ஸ் கமான்ச்சி. நாயகி ஆம்பர் மிட்தண்டரும் பூர்வகுடி. நடிகர்களே முழுப் படத்துக்கும் கமான்ச்சி மொழியில் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை விட்டுவிட்டு அந்த ஒலித்தடத்தில் பாருங்கள். சப்டைட்டில் போட்டுக்கொண்டால் போதும்.